குழந்தைக்கு இழுப்பும் உணவு அலர்ஜியும்: எது நடந்தால் எதைப் பார்ப்பது

"மருந்து கேட்கலைங்க, வேற ஏதாவது எழுதித் தரச் சொல்லுங்க." குழந்தைகள் ஆஸ்துமா கிளினிக்கில் இன்ஹேலர் அடிக்கக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் நான். என் மேஜைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பையிலிருக்கும் இன்ஹேலரை எடுத்து எனக்கு எதிரே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்வேன். பல சமயம் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். மருந்து சரியானதுதான், நெஞ்சுக்குள் போயிருக்காது. உணவு அலர்ஜியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். வீட்டில் மருந்து இருக்கும், ஆனால் முதலில் கொடுக்க வேண்டியதைக் கடைசியில் கொடுத்திருப்பார்கள், அல்லது கொடுத்தே இருக்க மாட்டார்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு பிடிப்பதைக் கடைசியில். உங்கள் டாக்டர் எழுதித் தந்த திட்டம் இருந்தால் மருந்து அளவுக்கு அதையே பின்பற்றுங்கள்.

முதலில் இது: இவற்றில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு 108

குழந்தையின் சட்டையைக் கழற்றுங்கள். சட்டைக்கு மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

- விலா எலும்புகளுக்கு நடுவிலோ கழுத்துக் குழியிலோ மூச்சுக்கு மூச்சு தோல் உள்ளே போகிறது
- ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. கைக்குழந்தை என்றால் பால் குடிக்க முடியவில்லை
- உதடு நீலமாகவோ சாம்பலாகவோ இருக்கிறது
- தூங்கி வழிகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை
- இதுவரை கேட்ட இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் நெஞ்சு இன்னும் கஷ்டப்படுகிறது
- ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டும் கருவி) ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே
- ஏதோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குரல் கம்மியது, மூச்சு வாங்குகிறது, அல்லது குழந்தை துவண்டுவிட்டது

ஐந்தாவதுதான் பெற்றோரை ஏமாற்றும். "சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு" என்று படுக்க வைத்துவிடுவார்கள். சத்தம் வரக்கூட உள்ளே காற்றோட்டம் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலும், குழந்தை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் தப்பாக வரும். எண் நன்றாக இருந்து நெஞ்சு உள்ளே போனால், நெஞ்சு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வண்டி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். இழுப்பு என்றால் உடனடி நிவாரண இன்ஹேலரை (சால்பியூட்டமால்) ஸ்பேசரில், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழாயில், அடிக்கத் தொடங்குங்கள். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 முதல் 6 பஃப் (ஒரு அழுத்து ஒரு பஃப்), அதற்கு மேல் 4 முதல் 10 பஃப், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. சாப்பிட்ட பிறகு வந்தது என்றால் வழி வேறு. கீழே "சாப்பிட்டதும் மூச்சு, வாந்தி, மயக்கம்" பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: இன்ஹேலர் அடிக்கிறோம், குறையவே இல்லை

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். வரிசையாகப் பாருங்கள்; ஒன்றைத் தாண்டி அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

*கையில் இருப்பது எந்த இன்ஹேலர்?* இரண்டு வகை உண்டு. சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் உடனடி நிவாரணத்துக்கு. சில நிமிடங்களில் வேலை செய்யும். புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் தினமும் போட வேண்டிய தடுப்பு மருந்துகள். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இழுக்கும்போது தடுப்பு மருந்தை அடித்துவிட்டு "குறையலை" என்பவர்களும் உண்டு, நிவாரண மருந்தைக் காலை மாலை தவறாமல் அடித்துவிட்டுத் தடுப்பு மருந்தைப் பிரிக்காமலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. நிறத்தை வைத்து அடையாளம் பிடிக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரைப் படியுங்கள். பாட்டியும் தாத்தாவும்தான் மருந்து கொடுக்கிறார்கள் என்றால் ஒன்றில் "தினமும்", மற்றதில் "இழுத்தால்" என்று மார்க்கரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு விதிவிலக்கு: 12 வயதுக்கு மேற்பட்ட சிலருக்கு புடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரையே இரண்டு வேலைக்கும் எழுதுவார்கள். உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் அது தப்பில்லை.

*காலியாகிவிட்டதா?* பெரும்பாலான இன்ஹேலர்களில் 200 பஃப் இருக்கும். காலை இரண்டு, மாலை இரண்டு என்றால் 50 நாள். அதற்குப் பிறகும் அழுத்தினால் புஸ்ஸென்று வரும். வருவது மருந்தல்ல, வெறும் வாயு. குலுக்கிப் பார்ப்பது, தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்ப்பது எதுவும் சரியான சோதனை இல்லை. எண் காட்டும் மாடலாக இல்லாவிட்டால் பிரித்த தேதியையும் முடியும் தேதியையும் உலோகக் குப்பியின் மேல் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் எழுதினால் உறை மாறிப்போகும்.

*ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்ததா, புதிதா?* குலுக்கி, இரண்டு முதல் நான்கு பஃப் காற்றில் அடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

*ஸ்பேசர் இருக்கிறதா?* நேராக வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தை வாயைப் பொத்தி "கசக்குது" என்றால் மருந்து எங்கே இறங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். எந்த வயதுக் குழந்தைக்கும் அழுத்தி அடிக்கும் இந்த வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் வேண்டும். சில நூறு ரூபாய்தான். அவசரத்துக்குக் கிடைக்கவில்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, பாட்டில் வாயைக் குழந்தை வாயில் வைக்கலாம். இப்படிச் செய்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்கிறது என்று 1990-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டிஸ்போசபிள் டீ கப்பை வைத்துச் செய்யும் வேலை அந்த அளவுக்குத் தேறவில்லை.

*ஸ்பேசரைத் துணியால் துடைத்தீர்களா?* உள்ளே துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்துத் துகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிதாக வாங்கியதும் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, தேய்க்காமல், துடைக்காமல், நிழலில் தானாகக் காய விடுங்கள்.

*வால்வு அசைகிறதா?* வெளிச்சத்தில் பிடித்து, மாஸ்க் பக்கத்திலிருந்து மெல்ல மூச்சு இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய மடல் திறந்து மூட வேண்டும். பால் ஏடு போல எதுவோ படிந்து மடல் ஒட்டியே கிடந்தால், எத்தனை பஃப் அடித்தாலும் குழந்தைக்கு வருவது அறைக்காற்றுதான்.

*இனி அடிக்கும் முறை.* குலுக்கு. ஒரு பஃப். குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடட்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கு, அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் சேர்த்து அடித்துவிட்டு ஒரே இழுப்பில் முடிக்கும் வழக்கத்தை எத்தனை தடவை மாற்றினாலும் அடுத்த விசிட்டில் திரும்பி வந்துவிடுகிறது. மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். நான்கைந்து வயதில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நேரடியாக வாயில் வைக்கப் பழக்குங்கள்.

குழந்தை கத்தி அழுதால்? "அழும்போது நல்லா உள்ளே போகும்" என்று யாரோ பரப்பிவிட்டிருக்கிறார்கள். போகாது. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு. மருந்து உள்ளே இறங்க இடமே இல்லை. சண்டை இல்லாத நேரத்தில் பொம்மைக்கு மாஸ்க் வைத்து விளையாட விடுங்கள், நீங்கள் வைத்துக் காட்டுங்கள். முடியவே இல்லையென்றால் தடுப்பு மருந்தையாவது அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். நல்ல தூக்கத்தில் வைத்தாலும் பல குழந்தைகள் முழித்துக்கொண்டு அழும். அதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

*கேப்சூலைப் போட்டுச் சுழற்றி உறிஞ்சும் பொடி இன்ஹேலரா?* அதற்குப் பலமாக, வேகமாக உறிஞ்ச வேண்டும். 5 வயதுக்குக் கீழே முடியாது. நன்றாக இழுக்கும்போது பெரிய பிள்ளைகளுக்கும் முடியாது. உறிஞ்சும்போது கேப்சூல் உள்ளே படபடவென்று சுழலும் சத்தம் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேப்சூல் நமத்துப்போனால் பொடி கட்டியாகிவிடும், அட்டையிலிருந்து முன்கூட்டிப் பிரித்து வைக்காதீர்கள். அந்தக் கேப்சூலை வழக்கமான மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிய பிள்ளைகளும் உண்டு.

இவை அத்தனையும் சரி, நிவாரண மருந்து 3–4 மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டிலேயே பஃப்பை ஏற்றிக்கொண்டே போகும் இடம் அதுவல்ல.

அறிகுறி: ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தால் சரியாகிறது, ஒரு வாரத்தில் மறுபடி

நெபுலைசரில் (மருந்தைப் புகை போலாக்கி மூச்சில் தரும் மெஷின்) வைப்பதும் பெரும்பாலும் அதே சால்பியூட்டமால்தான். ஸ்பேசரில் ஒழுங்காக அடித்தால் கிடைக்கும் பலனும் ஏறக்குறைய அதேதான். "மெஷின் வாங்கிடலாமா?" என்று கேட்பவர்களிடம், ஸ்பேசரில் முதலில் கை பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

இழுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு வழக்கமான காரணம், தடுப்பு மருந்து நின்றிருப்பது. நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியிருப்பார்கள், அல்லது "இன்ஹேலர் பழக்கமாயிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். இன்ஹேலர் அடிமையாக்காது. தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு என்ற பயம் நியாயமான கேள்விதான், பதிலும் உண்டு: மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குப் போகும் மருந்து இது. வருடக்கணக்கில் போட்ட குழந்தைகளின் முழு வளர்ந்த உயரத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைவு பார்த்திருக்கிறார்கள். அடிக்கடி இழுத்து, ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போடுவதோடு ஒப்பிட்டுத்தான் அதை எடைபோட வேண்டும். அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வையுங்கள், மாஸ்க் வைத்தால் முகத்தையும் துடையுங்கள்; வாயில் வெள்ளைப் படிவு வராது.

கட்டுக்குள் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கடந்த 4 வாரத்தில்: பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இருமலோ இழுப்போ இருந்ததா (5 வயதுக்குள் என்றால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல்)? இரவில் ஒரு நாளாவது இருமி எழுந்ததா? நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா (சின்னவர்களுக்கு ஒன்றுக்கு மேல்)? விளையாட்டைக் குறைத்துக்கொண்டதா? ஒன்றிரண்டு "ஆமாம்" என்றால் அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்று நான்கு என்றால் கட்டுப்பாட்டில் இல்லை. இந்த நான்கு பதில்களையும் எழுதிக்கொண்டு போனால் டாக்டரின் வேலை பாதி முடிந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே நெபுலைசர் இருந்து புகை வரவில்லை என்றால்: குழாய் கழன்றிருக்கிறதா, வடிகட்டி கறுத்துவிட்டதா, கப்பின் நடுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்தும் நார்மல் சலைனும் (மருத்துவ உப்பு நீர்) சேர்ந்து 3–4 மி.லி. இருக்க வேண்டும். சலைனுக்குப் பதில் கேன் தண்ணீர் ஊற்றக் கூடாது. மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் மருந்து பெற்றவருக்குத்தான்.

சால்பியூட்டமால் சிரப், மாத்திரை இன்னமும் பல வீடுகளில் ஓடுகிறது. மெதுவாக வேலை செய்யும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை என்பது என் கருத்து.

அறிகுறி: இழுப்பு இல்லை, ஆனால் நடுராத்திரி இருமல்

காசில்லாதவை முதலில். படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளோ திரவமோ எரிகிறதா? சாயங்காலம் சாம்பிராணி, ஊதுபத்தி போடுகிறீர்களா? சமையலறைத் தாளிப்பு நெடி அறைக்குள் வருகிறதா? அப்பா வாசலில் சிகரெட் பிடித்துவிட்டு வந்து தூக்குகிறாரா? இரண்டு வாரம் இவற்றை நிறுத்திக் கொசுவலைக்கு மாறிப் பாருங்கள். பிறகு தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை சூடான தண்ணீரில் துவைப்பது, பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் குழந்தை அறையிலிருந்து எடுப்பது. சுவரில் ஈரக்கசிவும் பூஞ்சையும் இருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் கசிவை அடைக்க வேண்டும். போகி அன்று விடியலில் சன்னலைச் சாத்திவையுங்கள், தீபாவளிக்கும் அப்படித்தான்.

இருமல் படுத்த உடனே வருகிறதா, விடியற்காலை 2–4 மணிக்கு வருகிறதா? உடனே என்றால் மூக்கொழுகல், மூக்கடைப்பு, குறட்டையைப் பாருங்கள்: மூக்கு அலர்ஜியோ அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கமோ இருக்கலாம், மூக்கைச் சரிசெய்யாமல் நெஞ்சு சரியாகாது. விடியற்காலை என்றால் ஆஸ்துமா சந்தேகம் கூடுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ இருமல் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 5–6 வயதுக்கு மேல் என்றால் ஸ்பைரோமெட்ரி (ஊதும் மூச்சை அளக்கும் கருவி) ஊதவைத்துப் பார்ப்பார்கள்; நிவாரண மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதி, ஊதும் அளவு 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சாதகம். அதற்குக் கீழ் வயதில் ஒரே சோதனையில் முடிவு சொல்ல முடியாது. மருந்து கொடுத்து, நிறுத்தி, கவனித்துத்தான் சொல்வார்கள், பொறுமை வேண்டும்.

ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மாண்டிலுகாஸ்ட் மாத்திரை ஆரம்பித்த பிறகு குழந்தை கெட்ட கனவு கண்டு அலறினாலோ, குணமே மாறிவிட்டது போலத் தோன்றினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறது.

அறிகுறி: ஓடினால் மட்டும் இருமல்

தடுப்பு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். ஓட்டத்தில் வரும் இருமல் பெரும்பாலும் கட்டுப்பாடு இல்லை என்பதன் முதல் தகவல். ஓட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்றட்டும். டாக்டர் சொல்லியிருந்தால் 10–15 நிமிடம் முன்பு நிவாரணப் பஃப். பி.டி. பீரியடில் உட்கார வைக்கச் சொல்லிக் கடிதம் கேட்டு வருகிறார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில், ஸ்பேசரும் இன்ஹேலரும் பூட்டிய அறையில் இல்லாமல் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அறிகுறி: நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று திடீரென்று இழுப்பு

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையா, சளி காய்ச்சல் எதுவும் இல்லையா, வேர்க்கடலையோ பொரிகடலையோ மென்றுகொண்டிருக்கும்போது புரையேறியதா? இது அலர்ஜியும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. கடலை மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்பது இதன் அடையாளம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, எக்ஸ்ரே நார்மல் என்று சொன்னாலும் புரையேறிய கதையை அழுத்திச் சொல்லுங்கள். பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அறிகுறி: உடம்பெங்கும் காணாக்கடி, தடிப்பு மட்டும்

கடிகாரத்தைப் பாருங்கள். உணவால் வரும் தடிப்பு சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். நாலைந்து நாளாக வந்து வந்து மறைகிறது, கூடவே சளியோ காய்ச்சலோ இருக்கிறது என்றால் வைரஸ் காரணம்; குழந்தைகளின் காணாக்கடிக்கு அதுதான் அதிகம். புதிதாக ஆன்டிபயாட்டிக், இபுப்ரோஃபென் கொடுத்தீர்களா என்றும் யோசியுங்கள். தக்காளி, ஆரஞ்சு சாப்பிட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்தால் அது அமிலத்தின் எரிச்சல், அலர்ஜி ஆகாது.

தோல் மட்டும் என்றால் செட்டிரிசின் (அரிப்பைக் குறைக்கும் அலர்ஜி மருந்து) போதும். ஆனால் 2 மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். இருமல், வாந்தி, குரல் மாற்றம் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அடுத்த பகுதி.

அறிகுறி: சாப்பிட்டதும் மூச்சு, வாந்தி, மயக்கம்

இது அனஃபிலாக்சிஸ், உடம்பு முழுவதையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் அலர்ஜி. இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அவில் (இன்னொரு அலர்ஜி மருந்து) இல்லை, செட்டிரிசின் இல்லை, இன்ஹேலரும் இல்லை. அவை அரிப்பையும் இழுப்பையும் கொஞ்சம் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் தடுக்காது.

ஆஸ்துமா உள்ள குழந்தையிடம் இங்கேதான் குழப்பம். முந்திரி சாப்பிட்டு மூச்சு வாங்கினால் வீடு பழகிய வழியில் போகும்: "வீசிங் வந்துடுச்சு, பஃப் அடி." அந்த 20 நிமிடம்தான் கை நழுவிப்போவது. தெரிந்த அலர்ஜி உணவு உள்ளே போய், திடீரென்று மூச்சு வாங்கினால், தோலில் ஒரு தடிப்புக்கூட இல்லாவிட்டாலும் முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும் உணவு அலர்ஜியும் சேர்ந்த குழந்தைக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் தினசரி தடுப்பு மருந்தை நான் உணவு அலர்ஜி மருந்தாகவும் கணக்கில் வைக்கிறேன்.

அட்ரினலின் அளவு: 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி), எடை ஒரு கிலோவுக்கு 0.01 மி.லி. 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி.; குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். தேவைப்பட்டால் 5–15 நிமிடத்தில் இன்னொன்று. தானாக ஏறும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், சில டாக்டர்கள் ஆம்பூலும் சிரிஞ்சும் தந்து பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருமுறை இப்படி வந்திருந்தால் இதை நீங்களே கேட்டு வாங்குங்கள், ஊசி போடும் முறையை எதிரே நின்று பழகுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: அதன் கோடுகள் யூனிட்டில் இருக்கும், ஊசியும் தசைவரை போகாது. ஆம்பூலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். பழுப்பு நிறமானால் மாற்றுங்கள்.

ஊசி கையில் இல்லையென்றால் 108, அல்லது எது அருகிலோ அந்த ஆஸ்பத்திரி. போகும் வரை படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. நடக்க விடாதீர்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். ரத்த அழுத்தம் சரிந்த குழந்தைக்கு அது கெடுதல். ஆட்டோவிலாவது மடியில் படுக்க வையுங்கள். ஊசி போட்டுச் சரியான பிறகும் குறைந்தது 4–6 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரண்டாவது அலை வருவதுண்டு.

அறிகுறி: அந்த உணவை நிறுத்திவிட்டோம், ஆனாலும் வருகிறது

வேறு பெயரில் உள்ளே வந்துகொண்டிருக்கும். முட்டை என்றால் கேக், மயோனைஸ் மட்டும் இல்லை, பல கடைகளில் பரோட்டா மாவிலும் உண்டு. சத்துணவிலும் முட்டை உண்டு. அமைப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள், டயரியில் எழுதினால் போதாது. நிலக்கடலை: ஓட்டல் வெள்ளைச் சட்னி, இட்லிப் பொடி, மிக்சர், செக்கு எண்ணெய். ரிஃபைன்ட் எண்ணெயில் புரதம் மிகக் குறைவு, செக்கில் அப்படி இல்லை. முந்திரி: குருமா, கேசரி, வெண்பொங்கல். பொங்கலில் இருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது தீர்வல்ல. பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுப்பதும் அப்படியே. இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது.

பாக்கெட் உணவில் அலர்ஜிப் பொருளைத் தனியாக எழுத வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதி சொல்கிறது: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பருப்புக்கொட்டைகளும், சோயா, சல்ஃபைட். எள்ளும் கொண்டைக்கடலையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை ஆகாத குழந்தைக்கு, அடியில் உள்ள எச்சரிக்கை வரி போதாது. சேர்மானப் பட்டியலை முழுசாகப் படிக்க வேண்டும்.

அறிகுறி: ரத்தப் பரிசோதனையில் முப்பது உணவுக்கு "பாசிட்டிவ்"

எதையும் நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி: அந்த உணவைக் குழந்தை இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையா? அப்படியென்றால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அது அலர்ஜி இல்லை. ஐ.ஜி.ஈ. சோதனையும் (அலர்ஜியில் வேலை செய்யும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் அளப்பது) தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வீட்டுத் தூசிப் பூச்சி ஆகாத ஆஸ்துமாக் குழந்தைக்கு இறாலிலும் பாசிட்டிவ் வருவது சகஜம். இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. வாரம்தோறும் இறால் தொக்கு சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஐ.ஜி.ஜி. (வேறு வகை எதிர்ப்புப் பொருள்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கும் "உணவு ஒவ்வாமை பேனல்" என்றால் அலர்ஜியைக் கண்டுபிடிக்க அதற்குப் பயனே இல்லை. ரிப்போர்ட்டை நம்பி பால், முட்டை, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, எடை ஏறாமல் வரும் குழந்தைகளைத்தான் நான் அலர்ஜிக் குழந்தைகளைவிட அதிகக் கவலையோடு பார்ப்பேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கடைசி வழி, ஆஸ்பத்திரியில் வைத்து அந்த உணவைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. பால், முட்டை அலர்ஜி வளர வளரப் பெரும்பாலும் போய்விடும் என்பதால் பழைய அலர்ஜிக்கும் இது தேவைப்படும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தோல் சோதனைக்கு முன் செட்டிரிசின் போன்றவற்றை 5–7 நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதோடு சேர்த்துத் தடுப்பு இன்ஹேலரையும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு, அதை நிறுத்தக் கூடாது. உணவு கொடுத்துப் பார்க்கும் நாளில் இழுப்பு இருந்தால் சோதனையைத் தள்ளிவைத்துவிடுவார்கள், லீவு போட்டு வந்தது வீணாகும்.